ஜேம்ஸ் வில்சனைக் கடனுக்காக ஒதுக்கியது நியாயமில்லை

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். 2000-இல் அல் கோர், 2016-இல் ஹிலாரி கிளிண்டன், இருவரும் நாடு முழுக்க எண்ணிப் பார்த்தால் அதிக ஓட்டு வாங்கியவர்கள். ஆனாலும் தோற்றார்கள். அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாக வரும் தேர்வாளர்களின் ஓட்டு. மக்கள் போட்ட ஓட்டை அப்படியே எண்ணி முடிவு சொன்னால் என்ன என்று கேட்கிறோம். 1787 ஜூன் 1 அன்று, பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதக் கூடிய மாநாட்டிலேயே ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். ஜேம்ஸ் வில்சன். வாஷிங்டன், ஜெஃபர்சன், ஹாமில்டன் என்று வரிசையாகச் சொல்பவர்கள் இவரைச் சொல்வதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

வில்சன் 1742-இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, இருபதுகளில் கப்பலேறி அமெரிக்கா வந்தார். பிலடெல்பியாவில் ஜான் டிக்கின்சனிடம் சட்டம் பயின்று, ரெடிங், கார்லைல் ஊர்களில் வழக்கறிஞராகப் பெயரெடுத்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எங்கள் மீது சட்டம் போட அதிகாரமே இல்லை என்று 1774-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சுதந்திரப் பிரகடனம், அரசியலமைப்பு இரண்டிலும் கையெழுத்திட்டவர்கள் மொத்தம் 6 பேர்தான். அதில் இவர் ஒருவர்.

வக்கீலாக அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றதாகத் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வில்சன் வாதாடினார். ஊரே கொதித்துப் போயிருந்தது, விலைவாசி வேறு ஏறிக் கிடந்தது. 1779 அக்டோபர் 4 அன்று ஆயுதம் ஏந்திய குடிப்படையினர் அவர் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே வில்சனும் நண்பர்களும் கதவடைத்து நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். குதிரைப்படை வந்துதான் மீட்டது. பணக்காரர்களின் ஆள் என்று அன்று அவரைத் திட்டியவர்களின் பசி உண்மை. அதற்காக, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்ற நியாயம் பொய்யாகிவிடாது.

இதில் என்னை அசர வைப்பது வேறு. தன் வீட்டு வாசலில் கூட்டத்தின் கோபத்தை நேருக்கு நேர் பார்த்த மனிதர், 8 வருஷம் கழித்து நடந்த மாநாட்டில் மக்கள் பக்கம்தான் நின்றார். மற்ற பலர் மக்களை நினைத்துப் பயந்தார்கள். இவரோ அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கட்டும், நாடாளுமன்ற மேலவையான செனட்டையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். பிரமிடை உயரமாகக் கட்ட வேண்டுமானால் அடித்தளம் அகலமாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். யாரும் அசையவில்லை. மறுநாளே, மக்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு மாற்று யோசனை வைத்தார். அதையும் அன்று தள்ளிவிட்டார்கள். கோடை முழுக்க இழுத்தடித்து, கடைசியில் வேறொரு வடிவத்தில் அதற்கே வந்து சேர்ந்தார்கள். செனட் விஷயத்தில் அவர் கேட்டது 1913-இல்தான் 17-ஆவது திருத்தமாக நிறைவேறியது.

அப்புறம் ஏன் மறந்தார்கள்? கடன். உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவராக 1789-இல் வாஷிங்டன் அவரை நியமித்தார். 1793-இல் சிஸோம் வழக்கில், ஒரு மாநிலத்தின் மீது தனிமனிதன் வழக்குப் போடலாம், இறையாண்மை மக்களுடையது என்று எழுதினார். (அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்க 11-ஆவது திருத்தமே கொண்டுவந்தார்கள்.) இதற்கிடையே கடன் வாங்கி வாங்கி ஏராளமான நிலத்தில் போட்டிருந்தார். 1796, 97-இல் நிலச்சந்தை சரிந்ததும் எல்லாம் போயிற்று. பதவியில் இருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதி, கடனுக்காக நியூ ஜெர்சியில் சிறைக்குப் போனார். பிறகு வட கரோலினாவிலும் சிறை. 1798 ஆகஸ்டில் ஈடன்டன் என்ற சின்ன ஊரின் சத்திரத்தில், மலேரியாவும் பக்கவாதமும் தாக்கி, 55 வயதில் இறந்தார். இளம் மனைவி ஹன்னா மட்டும் கடைசிவரை பக்கத்தில் இருந்தார்.

கடனுக்காக ஒரு மனிதனை வரலாற்றிலிருந்து தள்ளி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அவர் மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு வேறு. மாநாட்டில் 1787 ஜூன் 11 அன்று, நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இதே வில்சன். ஜூலை 11 அன்று அவரே எழுந்து, இவர்கள் குடிமக்கள் என்றால் ஏன் சமமாக எண்ணவில்லை, சொத்து என்றால் மற்ற சொத்துகளை ஏன் எண்ணவில்லை என்று கேட்டார். இது எந்தக் கொள்கையின்படி என்று தனக்குப் புரியவில்லை, சமரசத்துக்காக ஏற்க வேண்டியிருக்கிறது என்றார். தெரிந்தே செய்தார். அதே நாள் அடிமைகளை முழு எண்ணிக்கையாகச் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டவர்களில் தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லரும் ஒருவர். பின்னாளில் வில்சனைக் கடனுக்காக வட கரோலினாவில் சிறையில் போட்டதும் அவர்தான்.

இந்தச் சமரசம் அதிபர் தேர்தலையும் விடவில்லை. நேரடித் தேர்தல் வைத்தால், ஓட்டுரிமை இல்லாத அடிமைகளை வைத்துத் தென் மாநிலங்களுக்குச் செல்வாக்குக் கிடைக்காது என்று ஜூலை 19 அன்று, பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மாடிசன் மாநாட்டில் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர்கள் என்பது நாடாளுமன்றத்தில் அதற்கு உள்ள இடங்களைப் பொறுத்தது என்பதால், தேர்வாளர் முறையில் ஐந்தில் மூன்று கணக்கும் உள்ளே வந்துவிட்டது. ஜூன் 1-இல் வில்சன் கேட்ட நேரடித் தேர்தலுக்குக் குறுக்கே நின்ற காரணங்களில், ஜூன் 11-இல் அவரே நகர்த்திய கணக்கும் ஒன்று.

மாடிசன் எடுத்த மாநாட்டுக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வில்சனைப் பற்றிப் பேச வருபவர்கள் ஜூன் 1, ஜூன் 11 என்ற அந்த இரண்டு நாள் குறிப்புகளையும் சேர்த்துப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.