சேட்டோட ஃப்ரிட்ஜ், என்னோட தலைவலி

சேட் ஆசைப்பட்டு படகுக்கு 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் வாங்கினார், மும்பை பாவுச்சா தக்கா படகுத்துறையில எனக்கு நிம்மதி போச்சு. மாத்துங்காவிலேர்ந்து வந்து காலையில மூடியைத் திறந்தா, நேத்து வெச்ச மோர் புளிச்சு நிக்குது.

கணக்கைச் சொன்னா யார் கேக்கறா? 12 வோல்ட்ல கம்ப்ரஸர் 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 4 x 12 = 48 ஆம்பியர்-அவர். நம்மகிட்ட இருக்கறது 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு. பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா அதோட ஆயுசு அவ்வளவுதான். தண்ணி இறைக்கிற பம்பும் இதே பேட்டரிலதான், சாமி!

இதுல, வந்த மெக்கானிக் எல்லாம் ஒரே பாட்டு: "கேஸ் போயிருக்கும்." கேஸும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. பேட்டரி பின்னாடி, ஃப்ரிட்ஜ் முன்னாடி, நடுவுல நூல் மாதிரி ஒயர். கம்ப்ரஸர் கிளம்பும்போது வோல்டேஜ் அந்த ஒயர்லயே விழுந்துடுது. பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு நெனச்சு ஃப்ரிட்ஜ் தானா நின்னுடுது. தடி ஒயர் வாங்கித் தாங்கன்னு மூணு மாசமா கேக்கறேன்.

நேத்து சேட் கேக்கறார், "இதுல ஐஸ் போடலாமா?"