சின்னப் பிள்ளைக்கு எங்கேயாவது சர்க்கரை வருமா?

பாப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்து, வருகிற ஆடியோடு இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் இதைப் பற்றி இங்கே நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருந்தோம். அந்த முடிவு தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. யுகேஜி போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. படுக்கையை நனைக்கிற பழக்கம் நின்று இரண்டு வருடமான பிள்ளை, திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தாள். நடுராத்திரியில் எழுந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். அரை மணி நேரத்தில் மறுபடி தாகம் என்பாள். நாங்கள் வெக்கை என்றோம். ஜூனில் அளவெடுத்துத் தைத்த யூனிஃபார்ம் பாவாடை ஜூலையில் இடுப்பில் நிற்கவில்லை. என் மனைவி அதற்கு ஊக்கு குத்தி அனுப்பினாள். புதுப் பள்ளிக்கூடம், ஏங்கிப் போய்விட்டாள் என்று நினைத்தோம்.

எங்கள் அம்மாதான், பிள்ளைகளுக்கு அப்பத்தா, முதலில் கவனித்தார். கொல்லைப்புறத்தில் பாப்பா ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு சாரை சாரையாக வந்து மொய்த்திருக்கிறது. "ஏய்யா, எறும்பு மொய்க்குதுய்யா. உங்க தாத்தாவுக்கு இப்படித்தான் கண்டுபிடிச்சாக" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இரும்மா, சின்னப் பிள்ளைக்கு எங்கேயாவது சர்க்கரை வருமா?"

இந்த ஒரு வார்த்தைக்காக நான் அழாத நாள் குறைவு. நம் வைத்தியத்தில் இந்த நோய்க்கு மதுமேகம் என்றுதான் பெயர். மது என்றால் தேன். எறும்பை வைத்தும் ருசியை வைத்தும் நம் முன்னோர்கள் கண்டுபிடித்து வைத்த விஷயம். பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவுக்குத் தெரிந்தது, டிப்ளமோ படித்து நூல் மில்லில் சூப்பர்வைசராக இருக்கிற எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வாந்தி வந்தது. ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மூச்சு இரைத்தது. இன்னொரு இடத்தில் வீசிங் என்று ஆவி பிடிக்க வைத்தார்கள். அவர்களும் வேண்டுமென்று செய்யவில்லை. என் மனதில் இருந்த அதே வார்த்தைதான் அவர்கள் மனதிலும் இருந்திருக்கும். அன்று ராத்திரி பாப்பா என் தோளில் துவண்டு கிடந்தாள். மூச்சு மட்டும் ஆழமாக, ஓடி வந்தவள் மாதிரி போய்க்கொண்டிருந்தது. வாயிலிருந்து கனிந்து அழுகிய பழ வாசனை. மூன்றாவதாகப் போன இடத்தில் நைட் டியூட்டியில் இருந்த நர்ஸ் அக்கா, அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். எதுவும் பேசாமல் மீட்டரை எடுத்து வந்து விரலில் குத்தினார். மீட்டரில் எண் வரவில்லை. எண்ணுக்குப் பதிலாக 'ஹை' என்று இரண்டு ஆங்கில எழுத்து வந்தது. பெரும்பாலான மீட்டர்களில் 600க்கு மேல் போனால் அப்படித்தான் காட்டும்.

ஒரு சொட்டு ரத்தம், ஐந்து நொடி. முந்தின நாளே யாராவது அந்த ஒரு சொட்டை எடுத்திருக்கலாம்.

108 வந்தது. ராஜபாளையத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், திருமங்கலம் என்று எத்தனையோ தடவை போன ரோடு, அன்றைக்கு முடியவே இல்லை. வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா, தண்ணி." அந்த நிலைமையில் வாய் வழியாகத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. வாந்தி புரையேறலாம். உடம்பில் வற்றிய நீரையும் டிரிப் மூலம் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், அவசரப்பட்டால் மூளை வீங்கலாம். இதெல்லாம் பின்னால் புரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, என் பிள்ளை தண்ணீர் கேட்கிறாள், என் கையில் பாட்டில் இருக்கிறது, கொடுக்க முடியவில்லை என்பதுதான். ஐசியூவில் பஞ்சை நனைத்து உதட்டில் வைக்க விட்டார்கள். அவள் அந்தப் பஞ்சை உறிஞ்சினாள்.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, தன் அண்ணன் எங்கே என்று கேட்டாள்.

வார்டுக்கு மாற்றின பிறகு மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். இது டைப் 1. நம் தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்படை, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களைப் பகையாளி என்று நினைத்து அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. அம்மா கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், சாப்பிடவில்லை என்பதாலும் வருவதில்லை. மாத்திரையால் தீராது, இன்சுலின் ஊசிதான், வாழ்நாள் முழுக்க. அவர் சொல்லி முடித்ததும் என் மனைவி கேட்டாள், "அப்போ நான் ஒண்ணும் செய்யலையா சார்?" மூன்று நாளாக அவள் மனதில் வைத்துப் புழுங்கியது அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் தீர்த்துச் சொன்ன அந்தப் பழியை, ஊருக்கு வந்த ஒரே வாரத்தில் சொந்தக்காரர்கள் திரும்பத் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். "மாசமா இருக்கப்ப மாம்பழம் அதிகம் தின்னியா?" "உங்க வீட்டுப் பக்கம் யாருக்கும் உண்டா?" எல்லாம் அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் நோயாளிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற தாயிடம் கேட்கக் கூடிய கேள்வியா அது? தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள். சும்மா போய், இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அவளைத் தூங்கச் சொல்லுங்கள். அது போதும்.

கேட்டவர்களில் வயதில் மூத்த ஒரு அத்தை கடைசியாக ஒன்று சொன்னார். "பொம்பளப் பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் கையில் பிடிச்சுக் கொடுக்கணும். வெளியே மூச்சு விடாதீங்க." ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு. நாங்களும் தலையாட்டினோம். ஏன் தலையாட்டினோம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பயம்தான்.

அப்புறம் எங்கள் வீடே வேறு மாதிரி ஆனது. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. விரலில் குத்துவது ஆறு ஏழு தடவை. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒரு தடவை. சுகர் தூக்கத்திலேயே இறங்கிவிடலாம் என்பதால். கூடியதைவிடக் குறைந்ததுதான் எங்களை அதிகம் நடுங்க வைக்கும். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் ஊசி போட வேண்டும். மூன்று இட்லிக்குக் கணக்குப் போட்டு ஊசி போட்டாயிற்று, பிள்ளை ஒன்றரை இட்லியில் "போதும்" என்று எழுந்துவிட்டால்? ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. என் மனைவி தட்டோடு தெருவில் அவள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போவாள். செல்லம் கொடுக்கிறாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

ஊசி போடுகிற வீடுகளுக்கு ஒரு விஷயம். இன்சுலினில் 40 என்றும் 100 என்றும் இரண்டு வீரியம் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்பத் தனித்தனி. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும், இல்லையென்றால் குறையும். கடையில் ஒரு தடவை எங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மூடியின் நிறத்தைப் பார்த்து என் மகன்தான் பிடித்தான். ஒன்பது வயது.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவனைக் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மிக்சர் தின்றுகொண்டிருந்தான். அவள் முன்னால் தின்னக் கூடாதென்று அவனாகவே முடிவு செய்திருக்கிறான். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்பா, நான் அவளை அடிச்சேன்ல, அதனாலயா?" என்று கேட்டான். வீட்டில் ஒரு பிள்ளை படுத்துவிட்டால் இன்னொரு பிள்ளையையும் தனியாகக் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பேசுங்கள். நாங்கள் தாமதமாகத்தான் பேசினோம்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு இன்சுலின் தேவை குறைய ஆரம்பித்தது. மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள். மிச்சமிருக்கிற கொஞ்ச செல்கள் சில வாரமோ சில மாதமோ மறுபடி வேலை செய்யும். பிறகு அதுவும் நின்றுவிடும். சரியாக அந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர் சூரணம் கொண்டுவந்தார். "ஊசி பழகிடும், நிறுத்திட்டு இதைக் கொடுங்க" என்றார். அளவு குறைந்ததும் "பார்த்தீங்களா" என்றார். நாங்கள் சூரணம் கொடுக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. கொடுத்து, ஊசியையும் நிறுத்தியிருந்தால், அது கேட்டது என்றே நம்பியிருப்போம். பிள்ளை மறுபடி ஐசியூவுக்குப் போயிருப்பாள், இல்லை அது வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டாள். சித்த வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டைப் 1 பிள்ளையிடம் இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் வீட்டு வாசலைத் தாண்ட விடாதீர்கள். 1922 ஜனவரியில் கனடாவில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளையைப் பெற்றவர்கள், அது மெலிந்து மெலிந்து போவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் என் பிள்ளை இல்லை. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்த நாள் நவம்பர் 14. அதுதான் உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் அன்றைக்குக் குழந்தைகள் தினம். எங்கள் வீட்டில் இப்போது இரண்டுக்கும் சேர்த்துக் கேசரி கிண்டுகிறோம். கணக்குப் பார்த்து ஊசி போட்டுவிட்டு அவளும் சாப்பிடுகிறாள்.

இப்போது அந்த மறைத்த கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. காலையில் ஊசி போட்டு அனுப்பிவிட்டு, மதியம் என் மனைவி போய் "சாப்பாடு ஊட்டப் போறேன்" என்று சொல்லி, மரத்தடிக்குக் கூட்டிப் போய்ச் சேலை மறைவில் ஊசி போடுவாள். ஐந்து மாதம் இப்படி ஓட்டினோம். ஜனவரியில், விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை. வெயிலில் ஓட விட்டிருக்கிறார்கள். பாப்பா வகுப்புக்கு வந்து டெஸ்க்கில் தலை சாய்த்திருக்கிறாள். எழுப்பினால் எரிந்து விழுந்திருக்கிறாள். டீச்சர் அடம் என்று நினைத்து வெளியே நிற்க வைத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. சொல்லாதது நாங்கள்.

அந்த வழியாக வந்த ஆயாம்மா, பிள்ளையின் கழுத்தில் கை வைத்திருக்கிறார். சட்டை தெப்பலாக நனைந்திருக்கிறது, உடம்பு ஜில்லென்று இருக்கிறது, கை நடுங்குகிறது. அவருடைய வீட்டுக்காரருக்கு இன்சுலின் போடுகிறவர் அவர். டீ போட வைத்திருந்த சீனியைத் தண்ணீரில் கரைத்து, "முழுங்கு தாயி, முழுங்கு" என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்து குத்திப் பார்த்தபோது சுகர் 58தான், ரொம்பக் குறைவு. சீனித்தண்ணி குடித்த பிறகு 58 என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும்? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நினைவு தப்பியிருக்கும். நினைவு தப்பின பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றவும் முடியாது.

அன்றைக்கு ஆயாம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏன் தம்பி சொல்லல? திருட்டா பண்ணிட்டீக?"

மறுநாளே தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். இப்போது வகுப்பு டீச்சர் மேசையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. ஊசி ஆபீஸ் ரூமில், உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே. 2017லேயே சிபிஎஸ்இ, சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் எடுத்துப் போகலாம் என்று அனுமதித்திருக்கிறது. எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால்தானே செய்வார்கள்? நாங்கள் மறைத்தால், பக்கத்துத் தெருவில் மறைத்துக்கொண்டிருக்கிற இன்னொரு வீடும் மறைக்கத்தான் செய்யும். அப்புறம் எல்லோரும், சின்னப் பிள்ளைக்கு எங்கேயாவது சர்க்கரை வருமா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் கேட்ட மாதிரியே.

கல்யாணப் பேச்சு வரும்போது வரட்டும். என் பிள்ளை உயிரோடு இருந்து அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். இவளை வேண்டாம் என்கிற வீடு எங்களுக்கும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடையெல்லாம் ஏறிப் பழக்கமில்லை. அதிக தாகம், அடிக்கடி ஒன்றுக்கு, உடம்பு மெலிவு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே சுகர் பாருங்கள் என்பதையும் எறும்பு கதையையும் சொல்லப் போகிறேன். அம்மாவும் கூட வருகிறார். மீட்டரை எடுத்துப் போகிறோம்.