வோல்வோ மாறுவதில் எனக்கு வருத்தமில்லை, ஒன்றைத் தவிர

வோல்வோ கார் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: இது இன்னும் நம்ம வோல்வோதானா? நானும் அதைக் கேட்கிறவன்தான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்கு ஒப்பவில்லை.

முதல் புலம்பல், கம்பெனி சீனாக்காரர்கள் கைக்குப் போய்விட்டது என்பது. 1999-இல் ஃபோர்டு வாங்கியபோதும் இதே மாதிரிதான் புலம்பினோம். 2010-இல் சீனாவின் ஜீலி வாங்கியது. 2014-இல் இரண்டாம் தலைமுறை எக்ஸ்சி90 கார் வந்தது. அதன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்த பிறகும் வோல்வோ செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வோல்வோ பிறந்த அதே ஸ்வீடனின் சாப் கார் கம்பெனிக்கு அப்படி ஒரு முதலாளி அமையவில்லை. 2011 டிசம்பரில் திவாலாகிப் போனது. சாப் பிரியர்களுக்குப் புது மாடலைத் திட்டக்கூட வழியில்லை.

அடுத்த புலம்பல், இன்ஜின் போய் மின்சாரம் வருகிறது என்பது. மாற்றம் புதிதில்லை. பின்சக்கர ஓட்டத்திலேயே ஊறியவர்களிடம் 1991-இல் முன்சக்கர ஓட்டத்தோடு 850 மாடல் வந்து நின்றது. பெட்டி மாதிரி இருந்த அதன் எஸ்டேட் (கூரை பின்பக்கம் வரை நீண்டு, சாமானுக்கு நிறைய இடம் இருக்கிற வகை) 1994-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் ஓடியது. இன்றைக்கு அதே 850-ஐத்தான் பொக்கிஷமாக வைத்துக் கொண்டாடுகிறோம். மின்சாரத்துக்கும் அந்த அவகாசம் கொடுக்கலாம். 2030-க்குள் முழுக்க மின்சாரம் என்று 2021-இல் அறிவித்துவிட்டு 2024-இல் பின்வாங்கியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வேகத்தை 180 கிலோமீட்டரோடு நிறுத்தியது? சரியான முடிவு, அவ்வளவுதான்.

என் மனத்தை உறுத்துவது வேறு. வோல்வோவின் மின்சாரக் காரான இஎக்ஸ்30-இன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வேகமானி கிடையாது. நடுவில் இருக்கிற திரையின் மேல் ஓரத்தில் வேகம் எண்ணாகத் தெரியும். பக்கக் கண்ணாடியைத் திருப்ப வேண்டுமென்றாலும் திரைக்குத்தான் போக வேண்டும். சாமான் வைக்கிற பெட்டியைத் திறக்கவும் அதே திரைதான்.

பழைய வோல்வோ 240-இல் ஹீட்டரைக் கூட்டக் கண்ணே வேண்டாம். குமிழ் எங்கே இருக்கிறது, எவ்வளவு திருப்பியிருக்கிறோம் என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். தொடுதிரையில் விரலுக்குப் பிடிமானம் இல்லை. குண்டும் குழியுமான சாலையில் ஓரிடத்தைக் குறிவைத்தால் பக்கத்தில் போய் விழும், அப்புறம் மறுபடி பார்க்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணைத் திருப்பினால் கார் 44 மீட்டர் போய்விடுகிறது.

இதை வேறு கம்பெனி செய்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1959-இல் வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தபோது, ஒரு கையாலேயே சுலபமாக மாட்ட முடிய வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் செய்தார். மாட்டுவது தொல்லையாக இருந்தால் மனிதர்கள் மாட்ட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ திறந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களை இந்தப் பெயரோடு கட்டிப்போட்டது அந்த அக்கறைதான். இஎக்ஸ்30 விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விபத்து நடப்பதற்கு முந்தைய நொடியில் ஓட்டுநரின் கண் எங்கே இருக்கிறது என்பதும் பாதுகாப்புதானே?

இதைச் சொன்னால் 'பழசையே பிடித்துத் தொங்காதீர்கள்' என்கிறார்கள். 2026 முதல், ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பின் சோதனையில் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இருக்க வேண்டும். அதை எழுதியவர்கள் பழமைவாதிகளா என்ன? வோல்வோவே முன்னால் நின்று இதைக் கேட்டிருக்க வேண்டும்.

சொன்னால் கேட்கிற கம்பெனிதான் என்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. 2023-இல் பிரிட்டனில் எஸ்டேட் விற்பனையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே வி60-உம் வி90-உம் திரும்பி வந்தன. அதனால் அடுத்த காரும் வோல்வோவா என்று கேட்டால் ஆமாம் என்பேன், மின்சாரமாகவே இருக்கட்டும். ஆனால் வோல்வோவின் இன்னொரு மின்சாரக் காரான இஎக்ஸ்90-இல் இருப்பது போல ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரையாவது இருக்கிற மாடலைத்தான் எடுப்பேன். ஷோரூமில் அதற்கான காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன், நீங்களும் சொல்லுங்கள்.