ஒட்டகச்சிவிங்கியைத் தேடினால் கழுத்து வலி வருகிறது

நேற்று இரவு மகள் கேட்டாள், ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு நீளமான கழுத்து இருக்கிறதே, உள்ளே எத்தனை எலும்பு இருக்கும் என்று. பதில் எனக்குத் தெரியும். வாயால் சொல்வதைவிடக் காட்டினால் மனதில் நிற்குமே என்று போனை எடுத்து, வீடியோ செயலியில் ‘ஒட்டகச்சிவிங்கி கழுத்து எலும்பு’ என்று தட்டினேன். முதலில் ஒட்டகச்சிவிங்கி இலை தின்னும் வீடியோ ஒன்று வந்தது. சரி. இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தது பாருங்கள்: கழுத்து வலிக்கு ஐந்து நிமிடப் பயிற்சி, கழுத்து எலும்பு தேய்மானமா கவலை வேண்டாம், தலையணையை இப்படி வையுங்கள், துண்டைச் சுருட்டிப் பின்கழுத்தில் கொடுத்து இப்படி இழுங்கள். கீழே தள்ளத் தள்ள வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், விலங்கைக் காணோம். மகள் எட்டிப் பார்த்து, “இவங்களுக்கு எல்லாம் என்னம்மா ஆச்சு?” என்கிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவளுக்காக நான்கு வீடியோ பார்த்தேன், அதில் இரண்டை அனுப்பி வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த நான்கு வீடியோவை வைத்து எனக்கு ஒரு ஜாதகமே எழுதிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் தீரவில்லை.

‘ஆர்வமில்லை’ பட்டனை அழுத்தலாமே என்று யாரும் சொல்ல வராதீர்கள், அழுத்தி அழுத்திச் சலித்துவிட்டேன். அந்த மாதிரிப் பட்டன்களுக்கு உண்மையில் என்ன சக்தி இருக்கிறது என்று, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2022-இல் 20,000-க்கும் அதிகமான யூடியூப் பயனர்களிடம் சோதித்துப் பார்த்தது. ‘ஆர்வமில்லை’ பட்டன் தடுத்தது, வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதத்தை மட்டும். ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பதே 43 சதவீதம்தான். ஒருவர் வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லும்போது பாதிகூடக் காதில் விழவில்லை என்றால் அந்தப் பட்டனை எதற்கு வைக்க வேண்டும்?

இதில் எனக்கு ஆத்திரம் வருவது எங்கே என்றால், பயனருக்கு ஏற்ப மாறுவது எப்படி என்று அந்தக் காலத்திலேயே அழகாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 1971-இல் ரோக்கியோ என்பவர் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. தேடல் முதலில் சில முடிவுகளைக் காட்டும், நீங்கள் ‘இது சரி, இது இல்லை’ என்று குறிப்பீர்கள், அதை வைத்து உங்கள் கேள்வியே சரியானவற்றின் பக்கம் கொஞ்சம் நகரும், அடுத்த சுற்றில் இன்னும் நெருங்கி வரும். எழுத்து ஆவணங்களுக்காக வந்த அந்த யோசனையை, 1998-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மார்ஸ் என்ற மென்பொருள் படத் தேடலுக்குக் கொண்டுவந்தது. படத்தைக் காட்டு, ஆளைக் கேள், திருத்திக்கொள், மறுபடி காட்டு. இந்த முறையில் நீ யார், போன மாதம் என்ன பார்த்தாய் என்ற விசாரணையே கிடையாது. இப்போது எதைத் தேடுகிறாய் என்பது மட்டும்தான் கேள்வி.

அந்தப் பாதையை விட்டுவிட்டு ஆளைப் பின்தொடரும் பாதையில் போய்விட்டார்கள். 2009 டிசம்பரில் கூகுள், கணக்கில் நுழையாதவர்களுக்குக்கூட, அந்த உலாவியின் 180 நாள் தேடல்களை வைத்து முடிவுகளை மாற்றத் தொடங்கியது. 2012-இல் யூடியூப், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. பார்த்த நேரம் என்றால் விருப்பம் என்று யார் சொன்னது? கையெல்லாம் சோப்பு நுரையாக இருக்கும்போது அடுத்த வீடியோ தானாக ஓடும், நிறுத்த முடியாது, முழுதாக ஓடித் தீரும். பக்கத்தில் போனை வைத்துவிட்டுத் தூங்கிப்போவேன். குழந்தை எடுத்துப் பார்ப்பாள். எல்லாம் என் கணக்கில் என் ஆசையாக ஏறுகிறது.

இத்தனைக்கும் கற்க வேண்டிய இடத்தில் கற்கிறதா என்றால் அதுவும் இல்லை. அப்பா எனக்கு எழுதிய ஒரே ஒரு கடிதம் உண்டு. கோடு போட்ட தாள், நீல மை, இடது ஓரத்தில் ஏதோ சிந்திய பழுப்புக் கறை. தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்ததும் போனில் படமெடுத்து வைத்தேன். போன மாதம் அதைப் படிக்க வேண்டும் போல இருந்தது. படத்தொகுப்பில் ‘கடிதம்’ என்று தேடினால் ரசீதுகள், ஸ்கிரீன்ஷாட்டுகள், யாரோ அனுப்பிய வாழ்த்துப் படங்கள். ‘கையெழுத்து’ என்று தேடினேன், மகளின் வீட்டுப்பாடம் வந்தது. ஆண்டு ஆண்டாகத் தள்ளி, முக்கால் மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தேன். திறந்தேன், பெரிதாக்கினேன், ஒவ்வொரு வரியாகப் படித்தேன், ரொம்ப நேரம் வைத்திருந்தேன். மறுநாள் தம்பிக்குக் காட்டலாம் என்று அதே ‘கடிதம்’ என்ற சொல்லைத் தட்டினால் மறுபடியும் அதே ரசீதுகள், அதே வாழ்த்துப் படங்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சொல்லைத் தட்டி, முக்கால் மணி நேரம் அலைந்து, ஒரே ஒரு படத்தில் போய் நின்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரத்துக்கு எப்படிப் பாடம் சொல்லிக் கொடுப்பது? படத்தையும் சொல்லையும் பொருத்தும் திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது, 40 கோடி படம்-வாசக ஜோடிகளில் பயிற்சி பெற்ற கிளிப் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி 2021-லேயே வெளிவந்துவிட்டது. எனக்கு உதவக்கூடிய அந்த ஒன்றை நினைவில் வைக்கவில்லை, அக்காவின் கழுத்தை மட்டும் இரண்டு மாதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பாட்டைக் கண்டுபிடிக்கும் ஷாஜாம் 2002-இல் பிரிட்டனில் வந்தபோது 2580 என்ற எண்ணுக்குப் போன் செய்து, ஓடும் பாட்டைக் கேட்க வைத்தால் போதும், பெயர் எஸ்எம்எஸ்-இல் வரும். நீ இதுவரை என்ன கேட்டாய் என்று பார்த்துப் பதிலை மாற்றவில்லை. யார் கேட்டாலும் அதே பாட்டுக்கு அதே பெயர். தேடல் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

ஆளுக்கேற்ப மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாறினால் மாறியதைச் சொல். ‘கழுத்து வலி வீடியோக்கள் பார்த்ததால் இவை வந்திருக்கின்றன’ என்று முடிவுக்கு மேலேயே எழுது, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி வை, அழுத்தினால் அந்த ஊகம் அப்போதே அழியட்டும். இந்த ஒரு தேடலுக்கு என்னை மறந்துவிடு என்று சொல்ல ஒரு சுவிட்ச் கொடு, அதையும் ஆறு மெனுவுக்குள் புதைக்காதே. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டிலிருந்து மிகப்பெரிய தளங்கள் எல்லாம் பயனரின் விவரங்களைச் சாராத ஒரு பரிந்துரை முறையாவது தர வேண்டும் என்று சட்டமாகவே கொண்டுவந்திருக்கிறது. சட்டம் கழுத்தில் கைவைத்தால்தான் செய்வீர்களா, மற்ற இடங்களில் இருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா?

கடைசியில் மறைநிலைத் தாவலைத் திறந்து அதே மூன்று சொற்களைத் தட்டினேன். என்னை யாரென்றே தெரியாத அந்தத் தேடல், முதல் வரியிலேயே எலும்புக்கூட்டைக் காட்டியது. ஏழு எலும்பு, நமக்கும் அதே ஏழுதான், நீளம்தான் வேறு. மகள் தன் பின்கழுத்தைத் தடவி எண்ண ஆரம்பித்தாள்.

அப்பாவின் கடிதத்தை எனக்கு நானே மெயிலில் அனுப்பி, ‘அப்பா எழுதியது’ என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். தம்பிக்கும் அதிலிருந்துதான் அனுப்பினேன்.