மாவுக்கட்டியும் குடியுரிமைக் கல்வியும்

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. சிங்களவர்களுக்குக் களவாகக் கலந்து கொடுக்கிற கருத்தடை மாத்திரை என்று கூட்டம் கூடிவிட்டது. காசு மேசையில் நின்றவருக்குச் சிங்களம் மட்டுமட்டு. மிரட்டிக் கேட்க, பயத்தில் ஆமாம் போட்டார். அந்த வீடியோ பேஸ்புக்கில் ஓடியது. பள்ளிவாசலும் கடைகளும் அடிபட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்கள் மீது அதே தாக்குதல். மார்ச் 6 அவசரகால நிலை, பிறகு பேஸ்புக்கும் முடக்கம். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகுதான் வந்தது: அது வெறும் மாவுக்கட்டி.

இதைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு ஊடக அறிவு படிப்பிக்க வேணும் என்கிறோம். படிப்பிப்போம். ஆனால் எதை? மூலத்தைப் பார், திகதியைப் பார், படத்தைக் கூகுளில் தேடு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால், பிள்ளை அதையும் பாடமாக்கிப் பரீட்சையில் கக்கிவிட்டுப் போகும்.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களுக்குக் கூகுள் தெரியாமல் இல்லை. 'இவங்கள் இப்படித்தான்' என்ற எண்ணம் அவர்கள் மனதில் எப்போதோ குடியேறிவிட்டது. வீடியோ அதற்குச் சாட்சி சொல்ல வந்தது, அவ்வளவுதான். காசு மேசையில் நின்ற மனுசனிடம் அவருக்கு விளங்குகிற பாஷையில் ஒருவராவது கேட்டார்களா? உண்மையா பொய்யா என்பதோடு இந்தக் கேள்வியையும் வகுப்பில் கேட்க வேணும். சமூக நீதி என்று தனியாக ஒரு பாடம் தேவையில்லை, அது இதுக்குள்ளேயே கிடக்கிறது.

சிங்களவர்களைக் குறை சொல்லிவிட்டு நாங்கள் நழுவவும் ஏலாது. தரம் 10 வகுப்பில் ஒருநாள், வட்ஸப்பில் சுற்றிய 'இந்த ஊர்க் கடைகளில் சாமான் வாங்காதீங்க' செய்தியை ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் பலகையில் எழுதினேன். இடைவெளியை நிரப்ப ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை, எல்லாக் கொப்பியிலும் ஒரே பெயர். அதை அழித்துவிட்டு எங்கட ஊரின் பெயரைப் போட்டேன். "சேர், இது பச்சைப் பொய்!" என்று ஒரு பெடியன் எழும்பிவிட்டான். முன் வாங்கில் இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்து, "அப்ப முதல் எழுதினது மட்டும் உண்மையாடா?" என்றாள். மிச்சப் பாடவேளை முழுக்க அந்தச் சண்டைதான். நான் வாயைத் திறக்கத் தேவையே வரவில்லை.

(ஆசிரியர் வட்ஸப் குழுக்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வகுப்பை அங்கேதான் வைக்க வேணும்.)

மாணவர் பாராளுமன்றத்துக்கு வாக்குச்சீட்டு, சபாநாயகர், அமைச்சர் எல்லாம் உண்டு. அமைச்சர் வாசிக்கிற உரையை எழுதிக் கொடுப்பது ரீச்சர். சுவர்ப்பத்திரிகையில் ஒரு கவிதை ஒட்டவும் அதிபரின் கையெழுத்து வேணும். அதிபரின் அறிவித்தலுக்கு "ஏன் சேர்?" என்று கேட்டால் வாய்க்காரி என்று பெயர் எடுக்கிற பிள்ளை, சித்தப்பா அனுப்பிய செய்திக்கு "ஆர் சொன்னது?" என்று கேட்குமா?

மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழர் ஊரான ஆரையம்பதியும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் ஒட்டிக் கிடக்கிற ஊர்கள். பேசுவதும் தமிழ், படிப்பதும் தமிழ். பாடசாலைகள் வேறு. கல்வி வலயமும் வேறு: ஒன்று மட்டக்களப்பு, மற்றது மட்டக்களப்பு மத்தி. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து தவணைக்கு ஒரு சுவர்ப்பத்திரிகை போட்டு, ஒரே பிரதியை இரண்டு பாடசாலையிலும் ஒட்டினால் என்ன? அதற்கு இரண்டு வலயத்துக்கும் கடிதம் போக வேணும். எங்கட பக்கக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் விருப்பமான ஆசிரியர் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாங்க.