ஆர்பெரி வழக்கின் ஜூரியை அமைத்தது நீதிபதி அல்ல
அமெரிக்காவில் மூன்று வெள்ளையர் துரத்திக் கொன்ற கறுப்பின இளைஞர் அமாட் ஆர்பெரியின் கொலை வழக்கில், நீதிபதியே வெள்ளையர் ஜூரியை (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவை) அமைத்துக் கொலையாளிகளைத் தப்பவிட்டார் என்கிறீர்கள். இரண்டுமே தவறு.

2021-இல் ஜார்ஜியாவில் நடந்த அந்த விசாரணையின் ஜூரியில் 11 வெள்ளையர், ஒரே ஒரு கறுப்பினத்தவர் என்பது உண்மைதான். ஆனால் ஜூரியில் அமரத் தகுதிபெற்ற 12 கறுப்பினத்தவரில் 11 பேரை நீக்கியவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள். வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாகத் தெரிகிறது என்று நீதிபதி வால்ம்ஸ்லி வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும், ஒவ்வொரு நீக்கத்துக்கும் இனம் சாராத ஒரு காரணத்தை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். அது போதும் என்று விடுகிற சட்டத்தின் மீதுதான் நாம் கோபப்பட வேண்டும்.

அப்புறம், ஆர்பெரி ஏதோ குற்றம் செய்தார் என்ற வெறும் அனுமானத்தை வைத்தே மூவரும் அவரைத் துரத்தினார்கள் என்று அரசு வழக்கறிஞர் டுனிகோஸ்கி தொடக்க உரையில் வாதிட்டார். அதை ஏற்று, அதே ஜூரிதான் மூவரையும் கொலைக் குற்றவாளிகள் என்றது. மூவருக்கும் ஆயுள் தண்டனை.