அரிட்டாபட்டிப் பாறையில் ஆள் இருக்கிறது

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி மூன்று நாளாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் பறவை பார்க்கும் குழுவுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நேற்றிரவு குழு நண்பர்கள் அங்கே ட்ரோனில் எடுத்த காணொளியை இசை சேர்த்து வெளியிட்டு, "சிலர் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறார்கள்" என்று கீழே குறிப்பும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிலர் வேறு யாரும் இல்லை, நான்தான். ஆகவே இனி பேசாமல் இருப்பதில் அர்த்தமில்லை.

உடன் வராதவர்களுக்காக நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரை மணிக்கு ஆனைகொண்டான் கண்மாய்க் கரையிலிருந்து நடக்கத் தொடங்கினோம். குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பத்தைப் பார்த்தோம். சமணர் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கிற குகைத்தளத்துக்குப் போனோம். அதுவரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அதன் பிறகுதான், லகுடு வல்லூறு என்ற வேட்டைப் பறவை கூடு வைத்திருக்கிற செங்குத்துப் பாறைக்கு எதிரே நம்மில் சிலர் ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். எந்தப் பாறை என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். பாறை இடுக்கிலிருந்து சுண்ணாம்பு வழிந்ததைப் போல எச்சத்தின் வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. கீழிருந்து பார்த்தாலே அங்கே கூடு இருக்கிறது என்று தெரியும். ட்ரோன் நெருங்கியதும் பறவை இடுக்கைவிட்டு வெளியேறி, கத்திக்கொண்டே வட்டமடித்தது. அது மறுபடி வந்து அமர இருபத்துமூன்று நிமிடம் ஆயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நான் நின்றிருந்தேன்.

பத்து நிமிடம் பறந்ததில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கிறார்கள். லகுடு வல்லூறு தை, மாசியில் முட்டையிட்டு அடைகாக்கும் பறவை. அது குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ, காக்கையும் கழுகும் விட்டுப்போன பழைய கூட்டிலோதான் முட்டையிடும். தாய் எழுந்து போய்விட்டால் வெயிலுக்கும் காக்கைக்கும் நடுவே அந்த முட்டைக்கு வேறு காவல் கிடையாது. ட்ரோனை எதிரியென்று எண்ணிப் பாய்ந்தால் இறக்கை அடிபட்டு அந்தப் பறவையே சாகலாம். நமக்குப் பத்து நிமிடம்தான். அதற்கு அந்த ஆண்டுப் பருவமே போய்விடக்கூடும். அந்தப் பாறையில் ஆள் இருக்கிறது. இதைத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மனிதர் யாரும் குடியில்லை என்பதால் அது காலி இடம் ஆகிவிடாது.

நீங்கள் யார் கேட்பதற்கு என்று என்னிடம் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். அந்தக் கேள்வியை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆடுகளை ஓரமாக விட்டுவிட்டு வந்த அவர், "தம்பி, அது குஞ்சு பொரிக்கிற நேரம்ப்பா, அதக் கீழ எறக்கிருங்க" என்றுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "பெரியவரே, இது கவர்மெண்ட் இடம், ஒங்க பட்டா நெலமா?" என்று பதில் வந்தது. நம் குழுவில் இருபத்தோரு பேர் நின்றோம். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் உடனே திறக்கவில்லை, அவர் திரும்பி நடந்த பிறகுதான் பேசினேன். அந்தத் தாமதம் இன்னும் உறுத்துகிறது.

அரசாங்க இடம் என்பது உண்மைதான். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஆனால் அறிவிக்கும்வரை அந்த மலைகள் மலைகளாக இருந்தது யாரால்? மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக மலைகளை அறுத்தெடுத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் அத்தை வீடு கீழவளவுப் பக்கம். கோடை விடுமுறைக்குப் போனால், வேட்டுப் போடும்போது அலமாரியில் கவிழ்த்து வைத்த பித்தளைச் செம்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அத்தை பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கிய பின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அப்படிப்பட்ட வட்டாரத்தில் தங்கள் மலையில் குவாரி கூடாது என்று மறித்து நின்றவர்கள் அரிட்டாபட்டிக்காரர்கள். பிறகு அந்தப் பகுதியில் டங்ஸ்டன் கனிமச் சுரங்கத்துக்கான ஏலம் வந்தபோது, 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்படி நடந்தவர்களில் ஒருவராகவும் அந்தப் பெரியவர் இருக்கலாம். அவரிடமா பட்டா கேட்பது?

அந்த மலையில் ஒரு சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த அந்தத் திருமேனியைப் பாதிரிக்குடியாரின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. பாதிரிக்குடி என்பது அந்த ஊரின் பழைய பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி ஊராரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பட்டா கேட்டவர், அதற்கு அரைமணி நேரம் முன்புதான் அந்தச் சிற்பத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

காணொளி இல்லாவிட்டால் இப்படி ஓர் இடம் இருப்பதே யாருக்கும் தெரியாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதில் நியாயம் உண்டு. டங்ஸ்டன் போராட்டத்தின்போது வெளியூர்க்காரர்களுக்கு அந்த மலைகளின் அருமையைக் காட்டியது படங்கள்தான், நானும் பகிர்ந்திருக்கிறேன். கண்மாய்க் கரையில் நின்று எடுங்கள், கோயில் வாசலிலிருந்து எடுங்கள், யார் தடுத்தது? திருவிழாவில் கொட்டு அடிக்கிறார்களே, அப்போது பறவை பயப்படாதா என்பது இன்னொருவர் கேள்வி. அந்தக் கொட்டு ஊருக்குள், கோயிலடியில் அடிக்கப்படுவது. கூட்டின் வாசலில் போய் யாரும் அடிப்பதில்லை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"இவரோடு போனால் தும்மக்கூட முடியாது" என்று ஒருவர் எழுத, அதற்கு நாற்பது சிரிப்புக் குறிகள் விழுந்திருக்கின்றன. அவர்களில் பலரை ஆறு ஆண்டுகளாக இருட்டோடு எழுப்பி, வாகனம் பிடித்து, இட்லிப் பொட்டலம் கட்டிக் கூட்டிப்போனவன் நான். லகுடு வல்லூறையும் ராசாளிக் கழுகையும் அவர்களில் சிலருக்கு முதன்முதலில் காட்டிக் கொடுத்ததும் நான்தான். அந்தக் கூடு இருக்கிற இடத்தை அவர்களுக்குச் சொன்னதும் நானே என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

காணொளியின் கடைசியில் வரும் குழுப் படத்தில் நானும் நிற்கிறேன். அதை நீக்குங்கள், முடிந்தால் காணொளியையே எடுத்துவிடுங்கள். வரும் ஞாயிறு காலை நான் அரிட்டாபட்டிக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போகிறேன். உடன் வர நினைப்பவர்கள் ஆறு மணிக்கு மேலூர்ப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ட்ரோன் வேண்டாம்.